கோப்பையால் அளந்த பிரேக் ஒயில்

ஐம்பத்தைந்து வயதில் தேயிலைத் தோட்டம் நம்மை வீட்டுக்கு அனுப்பிவிடுகிறது. அதுவரை வாயை மூடிக்கொண்டு வேலை பார்த்தவனுக்கு அதற்குப் பிறகுதான் பேச்சு வருகிறது. கராஜில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்காக ஏதாவது எழுதித் தரச் சொன்னார்கள். எழுதுகிறேன். பிடிக்காவிட்டால் கிரீஸ் துடைக்கவாவது காகிதம் உதவும்.

ஒயில் மாற்றுவது எப்படி என்று எழுதப்போவதில்லை. அடியில் இருக்கும் திருகாணியைக் கழற்றினால் பழையது வடியும், மேல் மூடியைத் திறந்தால் புதியதை ஊற்றலாம். அதற்கு மேல் வேண்டியதை உங்கள் போனில் ஒருவர் கையுறை போட்டுக்கொண்டு காட்டுகிறார். அவருடைய கராஜ் தரை நம் வீட்டுச் சாப்பாட்டுத் தட்டைவிடச் சுத்தமாக இருக்கிறது. அவருக்கு மேலே தோட்டத்தை ஆளும் பெரிய துரை இல்லை, சாமானைக் காக்கும் ஸ்டோர் ஐயா இல்லை, நமுனுகுல மலையின் மழையும் இல்லை. ஆகவே அவர் சொல்வது முழுவதும் சரி. நமக்குப் பாதிதான் உதவும்.

நம்மிடம் இருப்பவை ஜப்பானில் ஓடி முடித்து இங்கே வந்த சின்ன லொறிகள். எந்த இடத்தில் எந்த ஒயில் ஊற்ற வேண்டும் என்று கதவின் உட்புறத்தில் ஒரு தாள் ஒட்டி அனுப்பியிருக்கிறார்கள், ஜப்பான் எழுத்தில். ஊவா மாகாணத்தில் அதை வாசிக்கத் தெரிந்த ஒருவரையும் நான் சந்தித்ததில்லை. அதில் என்ன எழுதியிருக்கிறது என்று சொல்லத் தெரிந்தவர்களை நிறையச் சந்தித்திருக்கிறேன். ஒரு துரைக்கு, வருடப் பிறப்பில் கலண்டர் அனுப்புகிற கம்பெனியின் என்ஜின் ஒயில்தான் நல்லது. ஒரு டிரைவருக்குக் கறுத்துப் போகாத ஒயில்தான் தரமானது. அழுக்கைப் பிடிக்காத ஒயில்தான் கறுக்காமல் இருக்கும் என்று அவரிடம் சொல்லிப் பார்த்தேன். என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். பக்கத்துத் தோட்டத்தில் காகித எயார் பில்டரைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி, தொழிற்சாலையில் கொழுந்து வாட்டும் மாடியில் காயப்போட்டார்கள். அதையும் சேர்த்து அரைத்துத் தேயிலை ஆக்கிவிடவில்லை என்பது ஓர் ஆறுதல்.

இவையெல்லாம் என்ஜினைக் கெடுக்கும் தவறுகள். என்ஜின் கெட்டால் லொறி நின்றுவிடும். நான் சொல்ல வந்தது நிற்காமல் போன லொறியைப் பற்றி.

நமுனுகுல மலைச்சரிவில் ஒரு தோட்டம். பெயர் வேண்டாம், அங்கே இன்னும் என் உறவினர்கள் வேலை செய்கிறார்கள். நான் கராஜுக்குப் பொறுப்பு. தலைமை மெக்கானிக்கை இங்கே பாஸ் என்று கூப்பிடுவது வழக்கம், ஆகவே எல்லோருக்கும் நான் பாஸ். தோட்டத்தின் உச்சிப் பிரிவை மேல்கணக்கு என்போம். அங்கிருந்து தொழிற்சாலை வரை இறங்கும் பாதை வளைந்து வளைந்து வரும். ஒன்றரை டன் லொறி ஒன்று காலையில் ஆட்களையும் பிறகு கொழுந்து மூட்டைகளையும் அந்தப் பாதையில் ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தது. டிரைவர் மகேந்திரன். நாற்பதை நெருங்கியவன். வண்டியை எடுக்குமுன் பிரேக்கை மூன்று தரம் மிதித்துப் பார்ப்பான். பின்னால் ஏறி நிற்கும் பெண்கள், "ஐயரு மணி அடிச்சிட்டாரு, இனி போகலாம்" என்பார்கள்.

கீழ் மலைகளில் கொழுந்து முற்றிக்கொண்டிருந்த பருவம். மேல்கணக்குப் பெண்களையும் கீழே கொண்டுவந்து எடுக்கச் சொல்லியிருந்தார் பெரிய துரை. சீக்கிரம் வரவேண்டும் என்பதும் அவர் உத்தரவு. மகேந்திரன் இரண்டு நடையாக அவர்களை இறக்கினான். இரண்டாவது நடையில், கடைசி வளைவுகளுக்கு மேலே, பெடல் காலோடு சேர்ந்து கீழே போய்விட்டது. மறுபடி மிதித்தான், பஞ்சு போல அமுங்கியது. கியரைக் குறைத்தான், ஹேண்ட் பிரேக்கை இழுத்தான், அதற்கும் அடங்காததால் வண்டியை மலைப்பக்கத்து மண்திட்டில் சாய்த்து உரசி நிறுத்தினான். மறுபக்கம் பள்ளம். இதை நான் எழுதுவது எளிது. பின்னால் இருபதுக்கும் மேற்பட்ட பெண்களை வைத்துக்கொண்டு எந்தப் பக்கம் திருப்புவது என்று முடிவு செய்ய அவனுக்குக் கிடைத்த நேரம் ஒரு மூச்சு.

அவர்களில் பார்வதி அக்காவின் மணிக்கட்டு உடைந்தது. மற்றவர்களுக்குச் சிராய்ப்பு. அக்காவைத் த்ரீவீல் ஓட்டோவில் ஏற்றிப் பதுளை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டுத்தான் மகேந்திரன் ஒபிஸுக்குப் போன் எடுத்தான்.

பெரிய துரை ஸ்டோர் ஐயாவோடு வந்து சேர அரை மணிக்கு மேலாயிற்று. வந்ததும் டிரைவர் சீட்டில் ஏறி பெடலை மிதித்தார். கல் மாதிரி நின்றது. இறங்கி, ஸ்டோர் ஐயாவை ஏறச் சொன்னார். அவரும் மிதித்தார். கல்.

"எங்கே போச்சுன்னு சொன்ன பிரேக்?" என்றார் துரை.

"அப்ப இல்லைங்க சேர். இப்ப இருக்கு."

"அப்போ அது ஊருக்குப் போயிட்டுத் திரும்பி வந்திருக்கு?"

தெரியாத பதிலை உண்டாக்கிச் சொல்லும் பழக்கம் மகேந்திரனுக்கு இல்லை. தோட்டத்தில் முன்னேற அது பெரிய குறை. போனில் பேசிக்கொண்டு ஓட்டியிருப்பான் என்று துரை சொன்னார். ஆஸ்பத்திரிக்கு ஆள் அனுப்பியபின் எடுத்த போனைச் சாட்சியாகவும் காட்டினார். அன்றே அவனை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். விசாரணை முடிந்து கவனக்குறைவு என்று எழுதிவிட்டால் வேலை போகும், டிரைவர்களுக்குக் கொடுத்த வீடு போகும், இந்த மாவட்டத்தில் வேறு தோட்டம் எதுவும் எடுக்காது.

மாலைக்குள் என்னிடம் ஓர் அறிக்கை கேட்டார் துரை. "ஒரு வரி போதும் பாஸ். பிரேக் நல்ல நிலையில் இருந்ததுன்னு எழுதுங்க."

லொறியை உயர்த்தி எல்லாவற்றையும் பார்த்தேன். ஒழுக்கு இல்லை. காற்று புகவில்லை. தேய்மானம் அளவுக்குள். பெடல் திடமாக நின்றது. துரை கேட்ட ஒரு வரி, அந்த நேரத்தில், முழு உண்மை. உண்மையை எழுதுவதில் எனக்கு ஒரு நாளும் தயக்கம் இருந்ததில்லை. அன்று பேனாவை மூடி வைத்தேன். நின்றுகொண்டிருக்கும் லொறியைக் கேட்டால் எல்லாம் சரியாக இருக்கிறது என்றுதான் சொல்லும், தம்பிகளே. ஓடும்போது என்ன செய்தது என்பதற்கு ஓட்டியவன்தான் சாட்சி. அவனை நம்புகிறோமா என்பதை நாம் முதலில் தீர்மானிக்க வேண்டும், ஸ்பெனரை எடுப்பதற்கு முன்பே.

நம்பினேன். அதனால் மறுபடி பார்த்தேன். பிரேக் ஒயில் இருக்கும் சின்னக் கிண்ணத்தின் மூடியைத் திறந்தால், இளமஞ்சளாக இருக்க வேண்டியது பாலில்லாத சாயத் தேத்தண்ணீர் நிறத்தில் இருந்தது. நான்தான் அதை அண்மையில் மாற்றியவன். புதிதாகக் கேட்டு வாங்கி ஊற்றியது இவ்வளவு விரைவில் இப்படி ஆகாது. ஸ்டோருக்கு நடந்தேன்.

எங்கள் ஸ்டோர் ஐயாவைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். ஒரு தேக்கரண்டி கூடக் களவு எடுக்காத மனிதர். மற்றவர்களும் எடுக்காமல் பார்த்துக்கொள்வதற்காகவே பிறந்தவர். முன்பு பிரேக் ஒயில் சின்னச் சின்ன டின்களில், சீல் உடையாமல் வந்தது. டின்கள் காணாமல் போயின. ஆகவே பெரிய டின்னாக வாங்கி, மண்ணெண்ணெய் போல, அந்தக் காலத்து ரேஷன் மா போல, துண்டுச் சீட்டு கொண்டுவந்தவனுக்குக் கோப்பையால் அளந்து கொடுக்கும் முறையை அவர் உண்டாக்கினார். நாங்கள் போத்தல் கொண்டுபோவோம். அவர் கோப்பையைத் தூக்கி, வெளிச்சத்தில் பார்த்து, ஒரு சொட்டு கூடினால் திருப்பி ஊற்றுவார். துரைமார் இந்த முறையைப் பாராட்டியிருக்கிறார்கள்.

அந்தப் பெரிய டின் ஜன்னலோரம் இருந்தது. வாயில் ஒரு தேங்காய்ச் சிரட்டை மூடி. ஜன்னல் வழியாக மேகம் உள்ளே வந்து போய்க்கொண்டிருந்தது. டின்னுக்குப் பக்கத்தில் உப்பு மூட்டை. அதன் அடியில் தண்ணீர் தேங்கியிருந்தது.

"உப்பு நனைஞ்சிருக்கே ஐயா."

"இந்த மலையில உப்பு என்னைக்கு பாஸ் காஞ்சிருக்கு? காத்துல இருக்கிற தண்ணிய எல்லாம் அதுதான் குடிக்குது."

"இந்த டின்ல இருக்கிறதும் அதே மாதிரிக் குடிக்கும் ஐயா."

அவர் சிரித்தார். "எண்ணெயில தண்ணி ஒட்டாதுன்னு என் பேத்திக்குக்கூடத் தெரியும். நீங்க பாஸ்னு பேர் வாங்கிட்டு இப்படிப் பேசுறீங்க."

விரலுக்கு வழவழப்பாக இருப்பதெல்லாம் எண்ணெய் என்று நினைப்பது இயல்புதான். பிரேக் ஒயில் அந்தச் சாதி இல்லை. திறந்து வைத்தால் காற்றின் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். நீண்ட இறக்கத்தில் பிரேக் சூடேறும்போது அந்தத் தண்ணீர் கொதித்து ஆவியாகிறது. ஆவி அமுங்கும், அதனால் பெடல் கீழே போகும். வண்டியை நிறுத்திக் காத்திருந்தால் ஆவி மறுபடி தண்ணீராகி, பெடல் கல்லாகிறது. ஊருக்குப் போய்த் திரும்பி வந்தது பிரேக் இல்லை, நம் ஸ்டோர் ஜன்னல் வழியாக நுழைந்த மேகம். இதைத்தான் நான் ஸ்டோர் ஐயாவுக்கும், பிறகு அவரோடு ஒபிஸுக்குப் போய்ப் பெரிய துரைக்கும் சொன்னேன்.

துரை பொறுமையாகக் கேட்டார். "மேகம் பிரேக்குக்குள்ள போச்சு. இதை நான் கொழும்பு ஹெட் ஒபிஸுக்கு எழுதவா?"

"எழுத வேண்டாம் சேர். மூட்டை ஏற்றிக்கொண்டு அதே பாதையில் ஒருதரம் இறங்கிப் பார்ப்போம். நான் ஓட்டுகிறேன். பிரேக் நல்லது என்று சொல்கிறவர்கள் கூட வரட்டும்."

துரைக்கு அன்று கூட்டம் இருந்தது. மறுநாளும் இருந்தது. அந்த வாரம் முழுவதும் கூட்டமாகவே இருக்கும் என்று தெரிந்தது. ஸ்டோர் ஐயா மட்டும் எழுந்து நின்றார். "என் ஸ்டோர்ல இருந்து போன சாமான். நான் வர்றேன்." குடையை எடுத்துக்கொண்டு வந்து என் பக்கத்தில் ஏறினார். கேலிக்குரிய மனிதர்தான், ஆனால் பிரேக் நல்லது என்று சொன்னவர்களில் தன் சொல்லை நம்பியவர் அவர் ஒருவரே.

நான் செய்ததை நீங்கள் செய்ய வேண்டாம். பள்ளம் முடிந்து, பாதை தொழிற்சாலை வாசலுக்கு ஏறுகிற இடத்தைப் பார்த்து, அதற்கு நான்கு வளைவு மேலிருந்துதான் தொடங்கினேன். இந்த லொறியில் ஹேண்ட் பிரேக் ஒயிலில் ஓடுவதில்லை, கம்பியில் ஓடுவது. அதைச் சோதித்துக்கொண்டேன். பாதையில் யாரும் வராமல் இரு பக்கமும் ஆள் நிறுத்தினேன். பின்னால் உர மூட்டைகள். மகேந்திரன் குறைந்த கியரில்தான் இறங்குவான். அன்று காலை சீக்கிரம் வரச் சொன்ன உத்தரவுக்காக அவன் செய்ததைப் போல, நானும் உயர்ந்த கியரில் விட்டுப் பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினேன்.

"பாருங்க, அருமையா பிடிக்குது" என்றார் ஸ்டோர் ஐயா முதல் வளைவில்.

இரண்டாவது வளைவில், "உங்களுக்கெல்லாம் சந்தேகம் ஒரு வியாதி பாஸ்" என்றார்.

அதற்கடுத்த வளைவில் பெடல் மெதுவாக, மரியாதையாக, என் காலுக்குக் கீழே இறங்கிப் போனது.

"வேகம் கூடுதே பாஸ்."

"ஆமாங்க ஐயா."

"பிரேக்கை மிதிங்க."

"மிதிச்சிட்டுத்தான் இருக்கேன்."

கியரைக் குறைத்தேன். என்ஜின் கதறியது. ஹேண்ட் பிரேக்கை இழுத்தேன். ஏற்றம் தொடங்கும் இடத்தில் லொறி தானாக மூச்சிறைத்து நின்றது. திரும்பிப் பார்த்தால், ஸ்டோர் ஐயா குடையை மார்போடு அணைத்துக்கொண்டு, தன் பக்கத்து வெறும் தரையை இரண்டு காலாலும் அழுத்தி மிதித்துக்கொண்டிருந்தார். நான் காலை எடுக்கச் சொன்ன பிறகும் எடுக்கவில்லை.

அங்கேயே உட்கார்ந்திருந்தோம். சூடு ஆறியதும் பெடலை மிதிக்கச் சொன்னேன். என் இடத்துக்கு மாறி வந்து மிதித்தார். கல்.

"மகேந்திரன் பொய் சொல்லல," என்றார் அவர். வாழ்நாள் முழுவதும் சரியாக அளந்த மனிதர், எதை அளந்தோம் என்று யோசித்துக்கொண்டிருந்திருப்பார்.

இருவரும் போய்த் துரையிடம் சொன்னோம். அவர் எங்களைத் தலை முதல் கால் வரை பார்த்தார். "பிரேக் இல்லாத லொறியில வந்தோம்னு சொல்றீங்க. முழுசா வந்து நிக்கிறீங்களே. அப்போ பிரேக் இருந்திருக்குத்தானே?" விசாரணைக் கோப்பு கொழும்புக்குப் போகும், பதில் வரும்வரை டிரைவர் வெளியேதான் என்றார். நான் பதுளைக் கடையில் சீல் உடையாத சின்ன டின் வாங்கிவந்து, பழையதை முழுவதும் வெளியேற்றிப் புதியதை ஊற்றினேன். லொறி குணமாகிவிட்டது. மகேந்திரன் ஆகவில்லை.

அவன் வீட்டுக்குப் போனேன். சாமான்களைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தான்.

"எங்கடா போகப்போற?"

"கொழும்புக்குத்தாண்ணே. மச்சான் த்ரீவீல் எடுத்துத் தாரேங்கிறான். அங்க இறக்கம் இல்லையாம்."

அவன் மனைவி எங்களைப் பார்க்காமல் பாத்திரங்களைத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தார். கொஞ்சம் பொறு என்று சொன்னேன்.

அந்த வாரம்தான் கொழும்பிலிருந்து கம்பெனிப் பெரியவர்கள் தோட்டம் பார்க்க வருவதாக இருந்தது. துரையின் பங்களா கேட்டுக்குப் புதிதாகப் பச்சைப் பெயின்ட் அடித்திருந்தார்கள். கேட் திறக்கும்போது கிரீச்சிட்டது. கீலுக்கு எண்ணெய் கேட்டு பங்களாக் காவல்காரர் ஸ்டோருக்கு வந்தார். பெரிய டின்னில் பாதி பிரேக் ஒயில் மிச்சம் இருந்தது. லொறிக்கு ஆகாது என்று ஸ்டோர் ஐயாவுக்கு இப்போது தெரியும். கீழே கொட்டுவது என்பது அவருடைய உடம்பு செய்யாத காரியம். அளந்து கொடுத்துவிட்டார். காவல்காரர் தாராள மனசுக்காரர். கீலுக்கு விட்டபின் மிஞ்சியதைத் துணியில் நனைத்து, பளபளப்பாக இருக்கட்டும் என்று கேட் முழுவதும் துடைத்தார்.

காலையில் பச்சைப் பெயின்ட் பாலாடை போலச் சுருங்கித் தொங்கியது.

எங்கள் இருவரையும் கேட்டுக்கு வரச் சொன்னார் துரை. உரிந்த பெயின்டை ஒரு விரலால் தூக்கிக் காட்டினார்.

"இது என்ன?"

"பிரேக் ஒயில் சேர்," என்றார் ஸ்டோர் ஐயா. "லொறிக்குக் கொடுத்த அதே டின்ல இருந்ததுங்க."

"இரும்பு கேட்டையே இப்படித் தின்னிருக்கு. இதையா என் லொறிக்குள்ள ஊத்தி வச்சிருந்தீங்க?"

இங்கேதான் என் தொழில் வாழ்க்கையின் கடினமான நிமிடம் வந்தது. பெயின்ட் உரிந்ததற்கும் பிரேக் போனதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. எந்தப் பிரேக் ஒயிலும் பெயின்டை உரிக்கும். நேற்று சீல் உடைத்த புத்தம் புதியதும் இதே வேலையைச் செய்திருக்கும். இரும்பைத் தொடவே இல்லை, அது தின்றது பெயின்டை மட்டும். துரை சொன்ன ஒரு வாக்கியத்தில் எத்தனை பிழை என்று என் மனம் வரிசைப்படுத்திக்கொண்டிருந்தது. பிழையைக் கண்டால் திருத்தாமல் விட்டதில்லை நான். வீட்டில் என் மனைவியைக் கேட்டுப் பாருங்கள். நாக்கு பல்வரை வந்துவிட்டது.

"பேசுங்க பாஸ். இப்படிப்பட்ட சாமான் பிரேக்கை என்ன செய்யும்?"

"பிரேக் போய்விடும் சேர்," என்றேன். அதோடு வாயை மூடிக்கொண்டேன். அந்த விடையில் பிழை இல்லை. கேள்விக்கும் விடைக்கும் நடுவில் இருந்த காரணத்தை மட்டும் அவர் தனக்குப் பிடித்தபடி வைத்துக்கொள்ளட்டும். மேலே இருப்பவர் தப்பான பாதையில் நடந்து சரியான இடத்துக்கு வந்து சேர்ந்தால், பாதையைத் திருத்தப் போகாதீர்கள். அவர் திரும்பி முதலிலிருந்து நடக்கத் தொடங்கிவிடுவார்.

அன்றே உத்தரவு வந்தது. பிரேக் ஒயில் இனிச் சின்ன டின்களில், சீல் உடையாமல். மகேந்திரன் மீதான விசாரணை ரத்து. ஆனாலும் இனிமேல் கவனமாக ஓட்ட வேண்டும் என்று அவனுக்கு ஓர் எச்சரிக்கை, ஒன்றும் கொடுக்காமல் வேலைக்குத் திரும்ப எடுத்துக்கொள்ள ஒபிஸுக்கு மனம் வராதல்லவா. கையில் மாவுக்கட்டோடு கராஜ் வழியாக வந்த பார்வதி அக்காவிடம் செய்தியைச் சொன்னேன்.

"எங்க கை ஒடிஞ்சப்ப வராத ரோஷம், கேட்டு உரிஞ்சதும் தொரைக்கு வந்திருச்சு பாருங்க," என்றார். "அடுத்த முறை எங்க மேலேயும் பச்சைப் பெயின்ட் அடிச்சு ஏத்தச் சொல்லுங்க."

மகேந்திரன் பெட்டியைப் பிரித்து, மறுநாள் வேலைக்கு வந்தான். பெடலை மூன்று தரம் மிதித்துப் பார்த்தான். அவனுக்குக் கிடைத்த முதல் வேலை, பதுளைக்குப் போய் கேட்டுக்குப் பெயின்ட் ஏற்றிவருவது. பிறகு வழக்கம்போல மேல்கணக்கிலிருந்து பெண்களை இறக்க வேண்டும். கராஜ் வாசலில் லொறியை மெதுவாக்கித் தலையை வெளியே நீட்டினான்.

"அண்ணே, இன்னைக்குப் பெயின்டும் இருக்கு, பொம்பளைங்களும் இருக்காங்க. எதை ஏத்தும்போது பாத்து ஓட்டணும்னு தொரை சொல்லி அனுப்பினாரு தெரியுமா?"

"எதை?"

"பெயின்டை," என்று சொல்லிவிட்டுக் கியரைக் குறைத்து இறக்கத்தில் விட்டான்.